செம்புத் தேக்கமும் மூளையின் தற்காப்பும்: ஒரு கலைச்சொல் தேவை

மதுரை, மொழிபெயர்ப்பாளர் (திங்கள் காலை)

குழுவினருக்கு வணக்கம்.

வில்சன் நோய் (மிஞ்சிய செம்பு வெளியேறாமல் உடலில் சேரும் பரம்பரை நோய்) உள்ளவர்களின் குடும்பங்களுக்கான ஒரு சிறு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கல்லீரல், கண், மாத்திரைகள் பற்றிய பக்கங்கள் முடிந்துவிட்டன. மூளைப் பக்கத்தில் ஒரு வாக்கியம் மட்டும் நிற்கிறது. அதன் சாரம் இதுதான்: வெளியேறாமல் சேர்ந்த செம்பு மூளையை அடைந்து, அங்கே இருக்கும் 'ஆன்டிஆக்சிடன்ட்' தற்காப்பை (ஆக்சிஜனால் செல்கள் கெடாமல் காக்கும் ஏற்பாட்டை) தேய்த்துவிடுகிறது; பிறகு செல்கள் சிதைகின்றன.

'ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி' என்று எழுதி நான்கு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். இருவர், "ஆன்டிபயாடிக் மாதிரியா?" என்று கேட்டார்கள். நாளிதழ்களில் ஆன்டிபயாடிக்கை 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்று எழுதுவதால் வந்த குழப்பம். இதைப் படிக்கப்போகிறவர் கை நடுங்க ஆரம்பித்த பிள்ளையின் தாயாக இருக்கலாம், அண்ணனுக்கு நோய் என்பதால் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட தங்கையாக இருக்கலாம். அவர்களுக்குப் புரிகிற, ஆனால் தவறாகாத ஒரு சொல் வேண்டும். உதவுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அம்மா, 'எதிர்ப்பி' என்ற சொல்லிலேயே பழுது இருக்கிறது. கல் என்ற வினையோடு 'பி' சேர்ந்து கற்பி. நட என்பதோடு சேர்ந்து நடப்பி. இரண்டும் பிறவினை. அந்த வரிசையில் எதிர்ப்பி என்றால் 'எதிர்க்கச் செய்' என்றல்லவா காதில் விழும்? கொல்லி, மாற்றி, பெருக்கி என்பவற்றில் வினையடியோடு இகரம் நேராகச் சேர்கிறது. அவை சரியான ஆக்கங்கள்.

என் பரிந்துரை 'உயிர்வளியேற்றத் தடுப்பரண்'. ஆக்சிஜனுக்கு உயிர்வளி என்ற நல்ல சொல் இருக்கும்போது அயற்சொல் எதற்கு? அரண் என்பது உள்ளிருப்பவரைக் காப்பது. மூளையைக் காக்கும் அமைப்புக்குப் பொருத்தமான பெயர்.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர்

வணக்கம். இங்கே ஒட்சியேற்றம் (உங்கள் ஆக்சிஜனேற்றம்), ஒட்சியேற்ற எதிரி என்று நெடுங்காலமாகப் படிப்பிக்கிறோம். சாதாரண தர மாணவருக்குக்கூட விளங்கும். சுவட்டு மூலகம், நொதியம், இலத்திரன் எல்லாம் ஆயத்தமாக இருக்கும்போது ஏன் புதிதாக ஆக்க வேண்டும்? இரு கரைக்கும் ஒரே சொல் என்று ஆகட்டுமே.

கோவை, உயிர்வேதியியல் ஆசிரியை

தஞ்சை ஐயாவுக்கு ஒரு மறுப்பு. மருத்துவமனையில் 'ஏற்றுவது' என்றால் என்ன? குளுக்கோஸ் ஏற்றுவது, ரத்தம் ஏற்றுவது. கொரோனாவுக்குப் பிறகு ஆக்சிஜன் ஏற்றுவது எல்லார் வீட்டிலும் பேசப்பட்ட சொல். 'உயிர்வளியேற்றத் தடுப்பு' என்று ஒரு தாய் படித்தால், பிள்ளைக்கு மூச்சுக்காற்று கொடுப்பதைத் தடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். 'ஆக்சிஜனேற்றம்' என்று எழுதினாலும் இதே ஆபத்துதான். வகுப்பறையில் இருபது வருடம் புழங்கிய சொல் வார்டில் வேறு பொருள் தருகிறது.

நடப்பதைச் சொல்கிறேன், சொல் பிறகு வரட்டும். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. அவ்வளவு ஆக்சிஜன் புழங்கும் இடத்தில் சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிய தீவிரமான ஆக்சிஜன் வகைகள் எப்போதும் கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கும். அவற்றை அடக்கச் சில நொதிகளும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறும் இருக்கின்றன. எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் இயல்புள்ள இரும்போ செம்போ கட்டுக்கடங்காமல் அங்கே வந்துவிட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு உடைந்து ஹைட்ராக்சில் துகள் பிறக்கும். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் வரும் வீரியத்தை வேதியியலாளர் ஃபென்டன் 1894லேயே எழுதிவிட்டார். ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே எதைத் தொட்டாலும் கெடுக்கும். மூளையில் அது தொடுவது பெரும்பாலும் கொழுப்பை, அதிலும் எளிதில் கெடக்கூடிய பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பை. செம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: குளுட்டாதயோனின் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு, காவலுக்கு இருக்கிற கையிருப்பையே குறைத்துவிடும். மூளையில் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியும் குறைவு. அதனால் குளுட்டாதயோன் போனால் நட்டம் பெரிது.

எதிர்ப்பி, தடுப்பி என்று ஒரு பொருளுக்குப் பெயர் தேடாமல், இந்த முழு ஏற்பாட்டுக்கும் பெயர் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நெய்வேலி, சொல்லாய்வு ஆர்வலர்

கோவை அம்மா சொன்ன வேதியியலுக்கு வீட்டிலேயே சொல் இருக்கிறது. பழைய தேங்காயும் பழைய எண்ணெயும் 'காறிப்போகும்'. அந்த வாடை கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டதால் வருவது. மூளைச் செல்லின் சவ்வுக் கொழுப்புக்கும் அதே வினைதான் நடக்கிறது, ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் காறும் என்பதும் எண்ணெய்த் தொழிலில் தெரிந்த உண்மை. ஆகவே 'காறல்காப்பு'. ஆன்டிஆக்சிடன்ட் என்றால் 'காறல்தடுப்பான்'.

சொல்லின் வேரையும் பாருங்கள். காறல், காறித் துப்புதல், கார்ப்பு, கரகரப்பு எல்லாம் தொண்டையை அரிக்கும் உணர்விலிருந்து கிளைத்தவை. காறு என்றால் கலப்பையின் கொழு என்றும் பொருள் உண்டு. கொழு இரும்பால் ஆனது, நிலத்தை அறுப்பது. அறுத்தல், அரித்தல், உலோகம் மூன்றும் ஒரே வேரில் சேர்ந்து நிற்கின்றன. உலோகத்தால் கொழுப்பு அரிபடுவதைச் சொல்ல இதைவிட ஆழமான சொல் கிடைக்காது.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

நண்பரே, காறித் துப்புவதில் உள்ள காறு ஒலிக்குறிப்பிலிருந்து வந்தது. கொழுவைக் குறிக்கும் காறு வேறு சொல். 'இதுகாறும்' என்பதில் உள்ளது மூன்றாவது. ஒலி ஒன்றாக இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. சேனைக்கிழங்கும் தொண்டையில் காறும். அதில் கொழுப்பும் இல்லை, ஆக்சிஜனேற்றமும் இல்லை. காறல் ஒரு சுவைக்குறிப்பு. ஒரு வேதிவினைக்கு அதைப் பெயராக வைத்தால் பொருள் வழுக்கும்.

நெய்வேலி, சொல்லாய்வு ஆர்வலர்

சேனைக்கிழங்கை ஒப்புக்கொள்கிறேன். வேரை விட்டுக்கொடுக்க மாட்டேன். கன்னடம், தெலுங்குச் சான்றுகளோடு தனி மடலில் எழுதுகிறேன்.

'துருக்காப்பு' என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: துரு இரும்புக்கு. செம்பில் பிடிப்பது களிம்பு. 'களிம்புக் காப்பு' என்று போனாலும் மருந்துக்கடையில் களிம்பு என்றால் தடவும் மருந்து. அந்தக் கதவும் மூடியாயிற்று. நம் பாட்டிமார் பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியது களிம்பு பிடிக்காமல் இருக்கத்தான். பூசாத பித்தளையில் பால் காய்ச்சிக் கொடுத்ததை இந்தியக் குழந்தைகளின் கல்லீரல் சுருக்க நோயோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தினார்கள். அதைப் பற்றித் தனி இழை தொடங்கலாம்.

சென்னை, நரம்பியல் மருத்துவர்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கவலை வேறு. நீங்கள் எல்லோரும் 'உலோகத்திலிருந்து காப்பு' என்ற திசையில் போகிறீர்கள். காக்கிறவர்களே உலோகம் தாங்கியவர்கள். சூப்பர்ஆக்சைடை அடக்கும் நொதியில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள அதன் உடன்பிறப்பில் மாங்கனீசு. கேட்டலேஸில் இரும்பு. குளுட்டாதயோனைப் பயன்படுத்தும் நொதியில் செலீனியம், அது மட்டும் உலோகம் அல்ல. சிவப்பணுவில் ஒரு செம்புப் புரதம் இருப்பது முன்பே தெரியும், எதற்கு என்று தெரியாமல் இருந்தது. 1969ல் உயிர்வேதியியலாளர்கள் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும்தான் அதன் வேலை சூப்பர்ஆக்சைடை அடக்குவது என்று காட்டினார்கள்.

வில்சன் நோயில் செம்பு கெட்டது அல்ல, அதிகமாகச் சாப்பிட்டதால் வந்ததும் அல்ல. கல்லீரலில் ஏடிபி7பி என்ற மரபணு தரும் புரதம்தான் மிஞ்சிய செம்பைப் பித்தத்தில் தள்ளிவிடுகிறது. அந்தப் புரதம் பழுதானால் செம்பு வெளியேற வழியில்லாமல் கல்லீரலில் நிறைந்து, வழிந்து, கண்ணின் கருவிழி ஓரத்திலும் மூளையின் அடிப்பகுதிக் கருக்களிலும் (அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளிலும்) படிகிறது. ஆகவே கையேட்டில் 'அதிகச் செம்பு', 'மிகைச் செம்பு' என்று எழுதினால் குடும்பம் சாப்பாட்டைத்தான் குற்றம் சொல்லும். அம்மாக்கள் தங்களையே நொந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். 'செம்புத் தேக்கம்' என்று எழுதுங்கள். பெயரிலேயே காரணம் இருக்கிறது.

'எதிர்ப்பி', 'தடுப்பான்' என்று பொருட்பெயராக வைப்பதிலும் எனக்குத் தயக்கம். அது கடையில் வாங்கும் மாத்திரை போல ஒலிக்கிறது. வைட்டமின் ஈ வாங்கித் தின்றால் போதும் என்று பெனிசிலமினை (செம்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்தை) நிறுத்திவிட்டால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. அந்த வகை மருந்தும் செம்பை உள்ளே விடாமல் தடுக்கும் துத்தநாகமும் வாழ்நாள் முழுவதும் வேண்டும். ஆக்சிஜனேற்றச் சேதம் இந்த நோயின் ஒரு வழி மட்டுமே. செம்பு மைட்டோகாண்ட்ரியாவை நேராகவும் தாக்கும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

மருத்துவர் ஐயாவின் மடல் கண் திறந்தது. 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்ற குறள் வளி, பித்தம், கபத்துக்குச் சொன்னது. உலோகத்துக்கும் அது பொருந்துமா? குறைந்தாலும் மூளை கெடுமா?

சென்னை, நரம்பியல் மருத்துவர்

கெடும். மெங்கிஸ் நோய் என்று ஒன்று, 1962ல் முதலில் விவரிக்கப்பட்டது. குடலிலிருந்து செம்பு உடலுக்குள் ஏறாது. முடி முறுக்கிக்கொண்டு உடையும், கைக்குழந்தையிலேயே வலிப்பும் மூளைச் சிதைவும் வரும். வில்சன் நோய்க்கு நேர் எதிர்ப்பக்கம். இரண்டு மரபணுக்களும் நெருங்கிய உறவு.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர்

'செப்புத் தேக்கம்' எனக்கும் சம்மதம். நாங்கள் செப்பு என்போம், நீங்கள் செம்பு. அது பிணக்கில்லை.

ஆனால் கோவை அம்மா 'ஹைட்ராக்சில் துகள்' என்று எழுதிக் கடந்துபோனதை விட முடியாது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ ராடிக்கல்' என்னும் அதன் இனப்பெயரை உங்கள் பாடநூல் 'தனி உறுப்பு' என்கிறது. நோயாளிக்கான கையேட்டில் உறுப்பு என்றால் ஈரல், மூளை, சிறுநீரகம் என்றுதானே நினைப்பார்கள்? மூளைக்குள் ஒரு தனி உறுப்பு முளைத்துவிட்டது என்றல்லவா பயப்படுவார்கள்? நேர்மையாகச் சொன்னால் எங்கள் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. 'சுயாதீன மூலிகம்' என்றால் மூலிகை என்று வாசிப்பவர் உண்டு.

மானிப்பாயில் இருந்த சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். அவருடைய முயற்சியில் 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர். ஆங்கில ஒலியை எடுத்து, தமிழ் ஈறு கொடுத்து, வகுப்பை நடத்தினார்கள். தேவை முதலில், தூய்மை பிறகு.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

கெமிஸ்தம் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேதியியல் நிலைத்தது.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர்

எங்களிடம் இரசாயனவியல் நிலைத்தது ஐயா. அதுவும் வடசொல்தான்.

கோவை, உயிர்வேதியியல் ஆசிரியை

தனி உறுப்பு பற்றி யாழ் நண்பர் சொன்னது முழுக்கச் சரி. அதன் குணம், ஜோடி இல்லாத ஒற்றை எலக்ட்ரான் அதனிடம் இருப்பது. அதனால்தான் அக்கம்பக்கத்திலிருந்து ஒன்றைப் பறிக்கப் பார்க்கிறது. 'இணையிலி' என்று யோசித்தேன்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

இணையிலி என்பது ஒப்பற்றவன் என்று இறைவனுக்கு அடியார்கள் சொன்ன பெயர் அம்மா. கேடு செய்யும் துகளுக்கு வேண்டாம். 'பறிப்பி' என்றும் வேண்டாம், இலக்கணம் முன்பே சொன்னேன். 'பறிதுகள்' என்று வினைத்தொகையாக ஆக்கலாம். பறித்த துகள், பறிக்கின்ற துகள், பறிக்கும் துகள் என்று முக்காலமும் அடங்கும்.

நெய்வேலி, சொல்லாய்வு ஆர்வலர்

பறிதுகள் அருமை. ஆனால் 'பறிபோன' என்பது போலப் பறிக்கப்பட்ட துகள் என்றும் படிக்கலாமே? பறி என்றால் மீன் பிடிக்கும் கூடை என்ற பொருளும் உண்டு. அந்தக் கூடையும் வாங்கி அடைப்பது. ஆக...

சென்னை, நரம்பியல் மருத்துவர்

நண்பரே, வெள்ளிக்கிழமை அச்சு.

மதுரை, மொழிபெயர்ப்பாளர் (புதன் இரவு)

எல்லோருக்கும் நன்றி. இதுவரை வந்ததை வைத்து வாக்கியத்தை இப்படி எழுதியிருக்கிறேன்:

"வெளியேற வழியில்லாமல் தேங்கிய செம்பு மூளையிலும் படிகிறது. மூளைச் செல்களில் இயல்பாகவே உண்டாகும் சில தீவிரமான துகள்களைச் செம்புத் தேக்கம் பெருக்கிவிடுகிறது. அவற்றை அடக்கி வைக்கும் தற்காப்பு ஆற்றலையும் குறைத்துவிடுகிறது. இதனால் செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலம், எண்ணெய் காறிப்போவதுபோல, கெட்டுப்போகிறது."

ஆன்டிஆக்சிடன்ட் தற்காப்பு என்பதற்குச் 'செல் தற்காப்பு ஆற்றல்' என்று மட்டும் வைத்து, சொல்லடைவில் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றல்' என்று போட்டு, பக்கத்தில் 'ஆன்டிஆக்சிடன்ட் என்று மருத்துவர்கள் சொல்வது' எனக் குறிக்கலாமா?

கோவை, உயிர்வேதியியல் ஆசிரியை

சம்மதம். 'குறைத்துவிடுகிறது' என்பதற்குப் பதில் 'தீர்த்துவிடுகிறது' என்று எழுதிவிடாதீர்கள், கையிருப்பு முழுக்கத் தீர்வதில்லை. மருந்து எடுத்தால் பலருக்கு நிலைமை மெல்லத் தேறும். அந்த நம்பிக்கை வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

சென்னை, நரம்பியல் மருத்துவர்

சம்மதம். அதே பக்கத்தின் அடியில் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைத் தாங்கியவர்கள் என்பதால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும். இரண்டு, நோய் உள்ளவர் செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது. இது வீட்டில் மற்றவர்களுக்கான தடை அல்ல.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

காலம் கருதி இணங்குகிறேன். 'ஆக்சிஜனேற்றம்' சொல்லடைவில் நிற்பது எனக்கு ஏற்பில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். 'கடிசொல் இல்லை காலத்துப் படினே' என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருப்பதால் எழுதுகோலைக் கீழே வைக்கிறேன்.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர்

எனக்குச் சம்மதமில்லை. 'ஏற்றம்' மருத்துவமனையில் தவறாக விளங்கும் என்று நீங்களே நிறுவிவிட்டு அதையே சொல்லடைவில் வைக்கிறீர்கள். ஒட்சியேற்றத்தில் 'ஒட்சி' என்பது வாயுவின் முழுப் பெயரல்ல, வாயு எங்களுக்கு ஒட்சிசன். அதனால் அங்கே மூச்சுக்காற்று அவ்வளவு எளிதில் நினைவுக்கு வராது. குறைந்தது இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கிளிநொச்சியில் இருக்கும் ஒரு தாயும் இந்தக் கையேட்டைத் தேடி எடுத்து வாசிக்கலாம்.

மதுரை, மொழிபெயர்ப்பாளர்

இரண்டையும் போடுகிறேன். செப்பு, நாகம், ஈரல், கலம் என்ற வடிவங்களும் சொல்லடைவில் சேரும். 'தனி உறுப்பு' எங்கும் வராது.

நெய்வேலி, சொல்லாய்வு ஆர்வலர்

காறல் வாக்கியத்துக்குள் போய்விட்டது, சொல்லாகவில்லை. அடுத்த பதிப்பில் ஆகட்டும். பறிதுகள் பற்றிய என் மடலை முழுதாக நாளை அனுப்புகிறேன்.

கோவை, உயிர்வேதியியல் ஆசிரியை

அனுப்புங்கள். என்னிடம் வெல்டிங் பட்டறைத் தொழிலாளர்களுக்கான மாங்கனீசுப் புகை பற்றிய இரண்டு பக்கம் தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. மாங்கனீசுத் தாதுவை அரைத்தவர்களின் நடை தளர்ந்ததை 1837ல் ஸ்காட்லாந்தில் கூப்பர் எழுதினார். அதிலிருந்து பக்கம் தொடங்குகிறது. அங்கே மூச்சு வழியே புகை உள்ளே போவதுதான் காரணம், கழிவு வழி அடைபட்டதல்ல. 'மாங்கனீசுத் தேக்கம்' என்று எழுதினால் பட்டறை முதலாளி, குறை உன் உடம்பில்தான் என்று தொழிலாளியிடம் சொல்லிவிடுவார். 'மிகை' அங்கே சரியாக இருக்குமா, அல்லது 'புகுமிகை' போல ஏதாவது வேண்டுமா?